கேட்டுவிட்டுக் கலர் போடுங்கள்

அந்தப் பேனரைப் பற்றி நேற்று முழுக்கப் பேசியாயிற்று. "விடுங்கண்ணா, நல்லாத்தானே இருக்கு" என்று பத்துப் பேராவது சொல்லிவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. 1964-ல் எடுத்த கறுப்பு வெள்ளை ஆசிரியர் குழுப்படத்துக்குச் செயலியில் கலர் போட்டுப் பேனராக்கியிருக்கிறார்கள். படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தவன் நான். கலர் போடப் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திரும்பவும் சொல்கிறேன், கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் கலர் ஒளிந்து கிடக்கவில்லை. செயலி ஊகித்துப் பூசுகிறது, அவ்வளவுதான். கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் வழக்கமான கணக்கில், 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையான அளவில், சுத்தச் சிவப்பு 76-ல் போய் நிற்கும். 130 அளவுள்ள பச்சையும் அதே 76தான். அப்புறம் எது சிவப்பு, எது பச்சை என்று படத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்? பழைய ஃபிலிம்களில் சில சிவப்பை உணரவே உணராது. நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாக விழும்.

"நீங்களும் கலர் போட்டுக் காசு வாங்குகிறவர்தானே?" ஆமாம், பதினெட்டு வருடமாக. அதனால்தான் சொல்கிறேன். போட்டோஷாப்பில் மேலே ஒரு லேயர், பிளெண்டிங் மோடு 'கலர்'. வெளிச்சமும் நிழலும் கீழே இருக்கும் படத்திலிருந்து வரும், நிறம் மட்டும் என் கையிலிருந்து. முகம் முழுக்க ஒரே நிறம் பூசினால் மெழுகு பொம்மை ஆகிவிடும். காது மடலிலும் கீழுதட்டிலும் கொஞ்சம் சிவப்பு கூட்ட வேண்டும். ஆனால் பிரஷைத் தொடும் முன் வீட்டாரிடம் கேட்பேன். அம்மாவின் கல்யாணப் படத்துக்கு அம்மாவே பெட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்து வந்து மானிட்டர் பக்கத்தில் விரித்துக் காட்டினார். அரக்கு, பச்சைக் கரை. அதே படத்தைச் செயலியில் போட்டபோது நீலம் வந்தது. "நான் நீலமே கட்டினதில்லையேடா" என்றார்.

"அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களும் கையால் வண்ணம் தீட்டினார்களே" என்பது நியாயமான கேள்வி. தீட்டினார்கள். அது தீட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. "பசங்களுக்குக் கலர் இருந்தால்தான் பிடிக்கும்" என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கலரோடு நிற்பதும் இல்லை. 2021-ல், கம்போடியாவின் டுவோல் ஸ்லெங் சிறையில் அடைத்துக் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்குக் கலர் போட்ட ஒருவர், சில முகங்களில் சிரிப்பையும் சேர்த்துவிட்டார். அந்த நாட்டு அரசே கண்டித்தது.

சரி, பேனருக்கு வருகிறேன். இரண்டாவது வரிசையில் மூன்றாவது ஆள் என் அப்பா. அப்பா கறுப்பு. நல்ல கறுப்பு. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து நின்றால் நெற்றி மினுமினுக்கும். பேனரில் அவர் சந்தன நிறம். அவர் மட்டுமா, பதினான்கு பேரும் அதே சந்தன நிறம். யாரைக் கேட்டு என் அப்பாவை வெளுத்தீர்கள்?

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப் போனேன். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பார்த்தார். கடைசிவரை போய்விட்டு என் பக்கம் திரும்பி, "அப்பா எங்கடா?" என்று கேட்டார்.