பிடித்து வைத்த மழைநீர் வேரை அழுகச் செய்யுமா?

"மூன்று நாளைக்கு மேல் வைத்த மழைநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி யாரும் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடக் கூடாது.

வேர் அழுகுவது தண்ணீரின் வயதால் அல்ல. மண் எந்நேரமும் ஈரத்தில் ஊறி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போவதால்தான் பெரும்பாலும் அழுகும். புதுத் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினாலும் அதே கதிதான்.

சரி, பிடித்து வைத்த தண்ணீரில் நாற்றம் ஏன் வருகிறது? டிரம்மின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கூரையிலிருந்து வந்த சருகும் தூசியும் கறுப்புச் சேறாக வழவழவென்று ஒட்டும். அது மட்குவதால் வரும் வாடை. முதல் மழையின் தண்ணீரை வெளியே விட்டு, குழாய் வாயில் வலை கட்டினால் பெரும்பாலும் தீரும். வெளிச்சம் படாமல் மூடினால் பாசியும் பிடிக்காது.

அந்தச் செய்தி சொல்லாமல் விட்ட ஆபத்து கொசு. திறந்த டிரம்மில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

அப்புறம், 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 500 லிட்டர். அதை வறண்ட வாரங்களுக்கு வைத்திருந்து தாராளமாக ஊற்றலாம்.