ஜிஎஸ்டி இல்லை என்பது பாதிதான் சரி

"கால்நடை கிளினிக்குக்கு ஜிஎஸ்டியே கிடையாது, பட்ஜெட்டில் அதற்கு ஒரு பைசாகூட ஒதுக்க வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பித் திட்டம் போட்டால் கையைக் கடிக்கும்.

சிகிச்சைக்கு வரிவிலக்கு இருப்பது உண்மை. ஜிஎஸ்டி வந்த 2017 முதலே இருக்கிறது. ஆனால் அது நீங்கள் வசூலிக்கும் கட்டணத்துக்குத்தான், நீங்கள் வாங்கும் பொருளுக்கு இல்லை. தடுப்பூசி வைக்க 40,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் எடுத்தால் 18% வரி, அதாவது 7,200 ரூபாய் சேர்ந்து பில் வரும். சிகிச்சை மட்டும் செய்யும் கிளினிக் அந்த 7,200-ஐ உள்ளீட்டு வரியாக (பொருள் வாங்கும்போது கட்டிய வரி) திரும்பப் பெற முடியாது. ஆக, செலவுக் கணக்கில் 47,200 என்றே எழுத வேண்டும்.

அப்புறம் கிளினிக் கவுன்டரில் நடக்கும் விற்பனை. பாக்கெட்டில் வரும் நாய், பூனை உணவுக்கு வரி 18%. "அது கொஞ்சம்தானே விற்கிறேன்" என்பார்கள். தமிழ்நாட்டில் சேவையும் விற்பனையும் சேர்த்து நடத்துபவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்; வருமானம் அதைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்தக் கணக்கில் வரிவிலக்கு பெற்ற சிகிச்சைக் கட்டணமும் சேரும்! கட்டணம் 17 லட்சம், நாய், பூனை உணவு விற்பனை 4 லட்சம் என்றால் 21 ஆகிவிடும். பதிவு செய்தே ஆக வேண்டும். வரி என்னவோ அந்த 4 லட்சத்துக்குத்தான். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டருக்கு ஆகும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.