அது ஊர்த் தூரம் இல்லை
பிரிட்டெண்டர்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் 1983 கிறிஸ்துமஸ் பாட்டான ‘2000 மைல்ஸ்’, வெளியூர் போன காதலனைப் பற்றியது என்று நான் படித்த ஒரு கட்டுரை போகிறபோக்கில் சொல்வது சரியில்லை. 1982 ஜூனில் 25 வயதிலேயே இறந்துபோன தங்கள் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன் ஸ்காட்டை நினைத்து குழுவின் பாடகி கிறிஸி ஹைண்ட் எழுதியது அது. கிறிஸ்துமஸுக்கு அவன் வந்துவிடுவான் என்று பிள்ளைகள் பாடுவதாக ஒரு இடம் வருமே, அதை இப்போது கேட்டுப் பாருங்கள். அப்பா தவறிய வருஷம் களியக்காவிளையில் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. விஷயம் தெரியாத கேரல் பையன்கள் டிரம் அடித்துக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். யாரோ காதைக் கடிக்க, டிரம் சட்டென்று நின்றது. “நிறுத்த வேண்டாம் மக்களே, பாடுங்க” என்றாள் அம்மா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் மட்டும் முகமூடியைக் கழற்றிவிட்டான்.