எத்தனை வயசு வரைக்கும் ஓடும்?

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கியதிலிருந்து எங்கள் வீட்டில் ரக்பி பேச்சுதான். கீழக்கரைப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்த அண்ணன் மகன், இனி இதுதான் என்கிறான். கபடிக்காரனுக்கு ரக்பி ஒன்றும் அந்நியமில்லை. ஓடுகிற ஆளைப் பிடித்து மடக்கத் தெரிந்தால் பாதி வந்துவிடும். கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்கணும், அதுதான் பழக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டதால் அண்ணனுக்கும் ஆசை.

மாமா ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார். இளவயதில் சங்கு குளித்தவர். இடது காது சுத்தமாகக் கேட்காது. யார் பேசினாலும் வலது காதை நம் பக்கம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சரி மாப்ள, இந்த ஆட்டம் எத்தனை வயசு வரைக்கும் ஓடும்?"

சம்பளம் எவ்வளவு என்றுதான் ஊரே கேட்டது. வயதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

முப்பது, முப்பத்திரண்டு என்றேன். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான். வேல்ஸின் அலுன் வின் ஜோன்ஸ் 37 வயதிலும் நாட்டுக்காக ஆடினார், வேல்ஸுக்காக மட்டும் 158 சர்வதேச ஆட்டங்கள். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அனுப்புவது, யாருக்கோ ஒரு வலம்புரி கிடைத்தது என்று ஊரையே கடலில் இறக்குகிற கதை.

நான் சொல்ல நினைப்பது ஸ்டீவ் தாம்சனை. 2003இல் சிட்னியில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 20-17 என வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் குனிந்து கைகோத்துப் பந்துக்காக முட்டுவதில், முன்வரிசைக்கு நடுவே நிற்கிற ஆள். பக்கத்துக்கு எட்டுப் பேர் முட்டித் தள்ளுகிற பாரம் கழுத்திலும் தோளிலும் இறங்கும். ரக்பி யூனியன் என்கிற பதினைந்து பேர் ஆட்டத்தில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அறிவித்ததே 1995 ஆகஸ்டில்தான். அதைப் பிழைப்பாகவே எடுத்துக்கொண்ட முதல் தலைமுறை இவருடையது. 42 வயதில் டிமென்ஷியா, மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிதான் காரணம் என்கிறார். உலகக் கோப்பை வென்றதே நினைவில் இல்லை என்கிறார். மெடல் வீட்டில் இருந்து என்ன செய்ய?

இப்போது தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே அழைத்துச் சோதிக்கிறார்கள். தோளுக்கு மேல் பிடித்தால் சிவப்பு அட்டை வரை போகும். நல்லதுதான். ஆனால் அதெல்லாம் மருத்துவர் மைதானத்து ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிற இடத்தில். நானும் கபடி ஆடியவன். ஒரு ராத்திரி டோர்னமென்ட்டில் முழங்கால் பிசகியபோது, நடத்தியவர்கள் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள். அவ்வளவுதான். மாடி ஏறினால் இன்றும் முழங்கால் சத்தம் போடும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சங்கு குளிக்கப் போன மாமாவையும் யாரும் தடுக்கவில்லை, அந்தக் காசில்தான் அத்தை கழுத்தில் நகை ஏறியது. ஆனால் சேர்க்க வருகிறவரிடம் மாமா கேட்டதையே கேட்கணும். அடிபட்டால் செலவு யாருடையது என்று எழுதி வாங்கணும். கோட்டா வேலைக்கும் வயது வரம்பு இருக்கிறது, அது எந்தப் பையனுக்கும் காத்திருக்காது.

டிப்ளமோவை முடித்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. பையன் மட்டும் சாயங்காலம் கடற்கரையில் கூட்டாளிகளோடு ஓடிக்கொண்டே பின்னால் வீசிப் பழகுகிறான். பந்து இன்னும் வாங்கவில்லை, மட்டை உரிக்காத தேங்காய்தான்.