ஈயம் கட்டிய மணிக்கூடு

(மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்தும் சின்னக் கடை. தம்பிராசா, சாரத்தில் சுற்றிய சுவர் மணிக்கூட்டைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வருகிறார்.)

தம்பிராசா: பாஸ், இது லண்டனில் இருந்து மச்சான் கொண்டு வந்தது. அங்கே ஒரு நிமிடம் பிசகாதாம். இங்கே வந்ததும் சோம்பல் பிடித்துவிட்டது.

பாஸ்: எவ்வளவு பிந்துகிறது?

தம்பிராசா: வந்த புதிதில் நாளுக்கு இரண்டு நிமிடம், கொஞ்சம் கூடவும் இருக்கும். நானே வைத்தியம் பார்த்தேன். இப்போது கால் மணித்தியாலம்.

பாஸ்: (கண்ணாடிக் கதவைத் திறந்து) என்ன அண்ணன் இது, ஊசல் குண்டுக்குக் கீழே? வீச்சுவலை ஈயமா?

தம்பிராசா: ஓம். பாரம் கூடினால் விசையாக ஆடும் என்று நாலைந்து கட்டிவிட்டேன்.

பாஸ்: பாரத்துக்கும் ஆடுகிற நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. குண்டு பாரமானால் பூமி கூடுதலாக இழுக்கும். ஆனால் அதை அசைப்பதும் அதே அளவுக்குக் கஷ்டமாகிவிடும். கணக்கு நேராகிவிட்டது.

தம்பிராசா: பிறகு ஏன் பிந்துகிறது?

பாஸ்: ஈயத்தைக் கீழே அல்லவா தொங்கவிட்டிருக்கிறீர்கள்! ஊசல் நீண்ட மாதிரி ஆகிவிட்டது. நீளம்தான் சங்கதி. 25 சென்ரிமீற்றர் ஊசல் ஒரு தரம் போய்வரக் கிட்டத்தட்ட ஒரு செக்கன். இரண்டு செக்கன் வேண்டுமென்றால் ஒரு மீற்றர் வேண்டும்.

தம்பிராசா: இரட்டிப்பு நேரத்துக்கு நாலு மடங்கு நீளமா? அநியாயம். சரி, பெரிதாக இழுத்து விட்டால்?

பாஸ்: தூரம் கூடும், வேகமும் கூடும், நேரம் ஏறக்குறைய அதேதான். அளவுக்கு மிஞ்சி ஆட்டினால் இன்னும் கொஞ்சம் பிந்தும். அதையும் செய்தீர்களா?

தம்பிராசா: (கூரையைப் பார்த்தபடி) சின்னவன் செய்திருப்பான்... அது கிடக்கட்டும், ஈயம் கட்டும் முன்பே பிந்தியதே? நம்மூர் வெயிலா?

பாஸ்: வெயிலுக்குத் தண்டு நீளும்தான், அதில் நாளுக்குச் சில செக்கன்தான் போகும். இது பூமியின் வேலை. பூமி சுழல்கிறது, இடுப்பும் கொஞ்சம் பருத்திருக்கிறது. அதனால் மத்தியகோட்டுக்குக் கிட்ட இழுவை குறைவு. 1672இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நேரத்துக்கு ஓடிய மணிக்கூட்டைத் தென் அமெரிக்காவில் கயேனுக்குக் கொண்டுபோனார். நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது.

தம்பிராசா: அவர் ஈயம் கட்டினாரா?

பாஸ்: ஊசலைக் குறுக்கினார்.

(ஈயத்தை அவிழ்த்து வைத்துவிட்டு, குண்டின் அடியில் உள்ள நட்டைத் திருகுகிறார். குண்டு ஒரு மில்லிமீற்றர்கூட உயரவில்லை. இதற்குத்தான் தம்பிராசா அத்தனை ஈயம் கட்டினார்.)

தம்பிராசா: இழுவை குறைவென்றால் பாஸ், என்னுடைய நிறை?

பாஸ்: லண்டனில் உங்களை 80 கிலோ என்று காட்டுகிற வில் தராசை அப்படியே இங்கே கொண்டு வந்து ஏறுங்கள். கால் கிலோ குறைத்துக் காட்டும்.

தம்பிராசா: (வயிற்றைத் தடவி) அட! அப்போ இன்னும் தெற்கே, பொத்துவில் பக்கம் போனால்?

பாஸ்: இம்மியளவு குறையும். ஆனால் வழியில் காத்தான்குடி வருமே அண்ணன், புரியாணி வாசத்துக்கு இறங்காமல் போவீர்களா?