சம்பளச் சீட்டு இல்லாத வீட்டில் பிள்ளை வளராதா?

வியாழக்கிழமை ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில், பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்த ஒரு மீனவர் வீட்டில் நடந்தது இதற்குள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சம்பளச் சீட்டு இல்லை என்று, வீட்டைப் பார்த்து விசாரிக்க வந்த அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீட்டாய்வுக்கு வந்தவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "போட்டுக்குப் போறவர நேவி புடிச்சிட்டுப் போயிட்டா புள்ளைக்கு யார் பொறுப்பு?" போட்டு என்றால் மீன்பிடிப் படகு, நேவி என்றால் இலங்கைக் கடற்படை.

கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேட்கட்டும். பதிலையும் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் இல்லையா? "நான் இருக்கேன், என் மாமியார் இருக்காங்க" என்று அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் ஃபைலை மூடினால் அதற்குப் பெயர் விசாரணையா?

2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்தெடுக்கும் பெற்றோர் உடல்நலத்தோடும், வளர்க்கப் போதுமான பொருள் வசதியோடும், மனத்தெளிவோடும், வளர்க்கும் ஆர்வத்தோடும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மாதம் இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று எந்த எண்ணும் இல்லை. சொந்த வீடு வேண்டும் என்றும் இல்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தச் சம்பளச் சீட்டு?

நாங்கள் எங்கள் மகளைத் தத்தெடுத்தபோது எங்கள் வீட்டுக்கும் ஆய்வுக்கு வந்தார்கள். எனக்கு அரசு வேலை. சீட்டை நீட்டினேன், வருமானக் கேள்வி அங்கேயே முடிந்தது. ஆனால் வந்த அம்மா நல்லவர். வீட்டைச் சுற்றி வந்தவர் பின்கட்டுக் கிணற்றுப் பக்கம் நின்றார். சுவர் அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். "நடக்க ஆரம்பிக்கிற பிள்ளை முதல்ல இங்கதான் வரும்" என்றார். அந்த வாரமே என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கம்பி மூடி போட்டார். இன்றைக்கு என் மகள் அந்த மூடி மேல் ஏறி உட்கார்ந்துதான் மாங்காய் தின்கிறாள். விசாரணை என்றால் அப்படி இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், நான் விசாரணைக்கு எதிரி இல்லை.

ஆனால் எனக்குச் சீட்டு பேசியது. அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு நீள நோட்டு. திங்கள், புதன், சனி என்று படகு கடலுக்குப் போன நாளெல்லாம் தேதி போட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, புருஷனுக்கு வந்த பங்கு எவ்வளவு என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்தப் பக்கங்களில் அவள் கடல்பாசி எடுக்கப் போன கூலி இருக்கிறது, நிவாரணம் வந்த நாள் இருக்கிறது. உப்புத்தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் சுருண்டு போன நோட்டு. ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான கணக்கு எது? அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"குழந்தையின் பாதுகாப்புதானே முக்கியம்?" என்று கேட்பீர்கள். ஆமாம், முக்கியம். நேவி பிடிப்பது இந்தக் கரையில் இல்லாத பயமா? அந்தப் பயத்தோடுதான் இங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்ற தாயிடம் வளர்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஃபைலை மூடவில்லையே.

இன்னொருவர் சொல்கிறார், "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, தெரிஞ்ச ஆளப் புடிச்சு நேரா வாங்கிக்கலாமே." இதைச் சொல்பவர்கள் மேல்தான் எனக்கு ரொம்பக் கோபம். 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்ற விவகாரம் மறந்துவிட்டதா? குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அதைவிட, காகிதம் இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் கதி எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு என் அப்பத்தா ஒரு பையனை எடுத்து வளர்த்தார். எங்கள் சித்தப்பாதான் அவர். அப்பத்தா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியது அவர்தான். செத்த பிறகு இடத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது சொந்தக்காரர்களே "நீ யாரு?" என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தத்துச் சட்டமே கிடையாது, 1890ஆம் வருடச் சட்டப்படி காப்பாளராகத்தான் ஆக முடியும். இளைஞர் நீதிச் சட்டம் வந்துதான் எந்த மதத்தவரும் முழுப் பெற்றோர் ஆக முடிந்தது. 2022லிருந்து கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம், கலெக்டரே உத்தரவு போடுகிறார். இப்படித் திறந்த கதவைக் கடல்காரன் முகத்தில் சாத்தலாமா?

"ஆறு வயசுக்கு மேல உள்ள பிள்ளைய வளர்ப்புப் பராமரிப்புல எடுக்கச் சொல்லுங்க" என்கிறார் ஒரு நண்பர். தத்தெடுக்காமல், அரசு ஏற்பாட்டில் பிள்ளையை நம் வீட்டில் வைத்து வளர்ப்பதுதான் அது. சரி, அது நல்ல வழிதான். 2024 வழிகாட்டுதல்படி இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்தும் கேட்கலாம். ஆனால் அதற்கும் வீட்டைப் பார்க்க யாராவது வரத்தானே வேண்டும்? அங்கேயும் இந்தச் சீட்டைத்தானே கேட்பார்கள்?

"உனக்குத்தான் பிள்ளை கிடைச்சிடுச்சே, உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டார். பதில் எழுதக் கை வரவில்லை.

உண்மையைச் சொன்னால் வந்த அதிகாரியைவிட என்னை நோகடித்தது நம் தெருதான். ஆய்வில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வியாழக்கிழமை அப்படி விசாரித்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எந்த ரத்தமோ, எந்தச் சாதியோ, கடைசியில சோறு போடுமா?" என்று பேசியது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பெற்ற பிள்ளை சோறு போடாமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுத கிழவிகளை நாம் பார்த்ததில்லையா? என் மகள் காதில் இந்தப் பேச்சு விழுந்தால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும், சொல்லுங்கள். அவள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். எல்லாம் புரியும்.

தகுதி இல்லை என்றால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதன் மேல் முறையீடும் செய்யலாம். அந்தப் பெண்ணின் நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. படகு ஓனரும் மீன் வியாபாரியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கப் போகிறோம். அவர் கணவருக்கு அன்றைக்குக் கடல், அதனால் நான் கூடப் போகிறேன். அக்கம்பக்கத்தில் நல்லது சொல்ல நினைப்பவர்கள் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள்.