அந்தக் குமிழைத் தொடாதீங்க!

போதும்ப்பா. இனி யாரும் என் ஆம்ப்ளிஃபயர்ல, தாழ்ந்த ஒலியை ஏத்துற பாஸ் குமிழ்ல கை வைக்காதீங்க!

ஐப்பசி அடைமழையில நான் செஞ்ச எம்.டி.எஃப். (மரநார் அட்டை) ஸ்பீக்கர் பெட்டி ஒரு ஜோடி ஊறி உப்பிப்போச்சு. அப்புறம் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, உள்ளே குறுக்குக்கட்டை கொடுத்து, ஒலியைப் பிரிக்கிற காயிலை நானே சுத்தி, 2,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி ஊஃபருக்கும் (பெரிய ஸ்பீக்கர்), மேலே உள்ளது ட்வீட்டருக்கும் (சின்ன ஸ்பீக்கர்) பிரியற மாதிரி செஞ்சேன். எட்டு மாச உழைப்பு.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் பாடுது. தவிலோட வலது பக்க வலந்தலையில விரல்கூடு படுறதும் இடது பக்கத் தொப்பியில கழி விழறதும் தனித்தனியா கேக்குது. அப்பதான் சொந்தக்காரங்களும் அக்கம்பக்கத்தாரும் வருவாங்க. உக்காரக்கூட மாட்டாங்க. "என்ன தம்பி, பாஸே இல்லையே?" கை நேரா குமிழுக்கு! முழுசாத் திருப்பிடுவாங்க.

பெட்டியில காத்து போய்வர விட்ட குழாயை 40 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைச்சு வச்சிருக்கேன். அதுக்குக் கீழே ஏத்தித் தள்ளினா ஊஃபரோட கூம்பைப் பிடிச்சு நிறுத்த உள்ளே காத்து ஏது? கூம்பை ஆட்டுற கம்பிச் சுருள்தான் அடிவாங்கும். சொன்னா யாரு கேக்குறா? நெஞ்சு அதிரணுமாம். சன்னல் ஆடணுமாம். மச்சானுக்கும் அதே, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அதே. நாதஸ்வரத்துக்கு எதுக்குங்க சன்னல் ஆடணும்?

நேத்து சித்தப்பா திருப்பினாரு. ஊஃபர் டக்டக்குனு தட்டுது. எனக்கு உயிரே போச்சு. அவரு சொல்றாரு, "இப்பதான்டா நல்லாருக்கு!"